மலேரியாவை மறைத்துவிட்டு இதய ஆபரேஷனுக்குப் போகலாமா?

திருச்செங்கோடு வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 38 வயது. போர்வெல் ரிக் வண்டியில் வேலை, வருஷத்தில் முக்கால்வாசி நாள் சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம்தான் இருப்பார். ஒரு வருஷமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போய்க் காட்டியதில், சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது தெரிந்திருக்கிறது. மைட்ரல் வால்வில் சுருக்கம், கூடவே கணிசமான கசிவு. வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லி, முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதியும் வந்து, இன்னும் மூன்று வாரத்தில் ஆபரேஷன் தேதி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் ஊருக்கு வந்த கையோடு அவருக்குக் குளிர்காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து வைவாக்ஸ் மலேரியா என்றார்கள். அப்போது பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுகிற அணுக்கள்) 62,000-க்குக் குறைந்திருந்தது. மூன்று நாள் குளோரோகுயின், 14 நாளைக்குப் பிரிமாகுயின் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதும், வயிறு எரிகிறது என்று பிரிமாகுயினை நாலே நாளில் நிறுத்திவிட்டார். பத்து நாளைக்கு முன் ஒரு சாயங்காலம் பல்லெல்லாம் கிட்டிக்கொள்கிற மாதிரி குளிர், ராத்திரி வேர்த்துக் கொட்டி விட்டது. ஒருநாள் விட்டு மறுபடி அதே மாதிரி. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு மாத்திரையும் ஒரு கேப்சூலும் வாங்கிப் போட்டிருக்கிறார். இதய ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை.

"மலேரியாக் கிருமி ஒருதடவை வந்தால் ரத்தத்தை விட்டுப் போகவே போகாதாம், நெஞ்சைத் திறந்தால் நேராக இதயத்துக்குள் இறங்கிவிடுமாம், நிஜமா? சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவார்கள், காப்பீடும் போய்விடும், வாயைத் திறக்காதே என்கிறார் என் மாமியார். கொழுந்தனார் ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிறார், அவரும் அதே வண்டிதான். ஆபரேஷன் முடிந்தால் இவர் திரும்ப ரிக்குக்குப் போகலாமா? இதைச் சொல்லாமல் விட்டால் அப்படி என்ன ஆகிவிடும் டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்கிற இடத்தில்தான் தினமும் நிற்கிறேன். இதய ஆபரேஷன்களுக்கு மயக்கம் கொடுக்கிற டாக்டர் நான். சர்ஜன் வால்வைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்தம் உறைகிறதா இல்லையா என்று மற்றதையெல்லாம் தலைமாட்டில் நின்று பார்ப்பது எங்கள் வேலை. மறைத்த விஷயங்கள் எல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேரும்.

மருந்தை முழுசாகச் சாப்பிட்டு, கிருமி போய்விட்டது என்று உறுதியாகி, ரத்த அணுக்களும் தேறிவிட்டால், மலேரியா வந்தவர் என்பது இதய ஆபரேஷனுக்குத் தடையே கிடையாது. ரத்தத்தில் கிருமி இருக்கும்போது, அது யாருக்கும் தெரியாமல் மேஜையில் ஏற்றுவதுதான் ஆபத்து. உங்கள் கணவர் இன்றைக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பாதி ராத்திரிக் காய்ச்சலை வைத்து மெடிக்கல் ஷாப்காரருக்கும் தெரியாது. ஒரு ரத்தப் பரிசோதனைக்குத் தெரியும்.

கிருமி எங்கே இருக்கிறது

ரத்தத்தை விட்டுப் போகாது என்று சொன்னவர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி முதலில் ஈரலுக்குப் போகும். அங்கே பெருகி ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும்போதுதான் அந்தக் குளிரும் காய்ச்சலும். வைவாக்ஸ் வகையில் எல்லாக் கிருமியும் அப்படி வெளியே வந்துவிடுவதில்லை. கொஞ்சம் ஈரலிலேயே தூங்கிக் கிடந்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து எழுந்து வரும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும், ஈரலில் தூங்குவதைத் தொடாது. தூங்குவதைக் கொல்கிற மாத்திரை பிரிமாகுயின். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டாலும் அதை 14 நாள் சாப்பிடச் சொல்வது இதனால்தான். நாலு நாளில் நிறுத்தினார், மூன்று மாதத்தில் திரும்பி வந்திருக்கிறது என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாமக்கல் பக்கத்துக் கொசு புதிதாகக் கடித்து வந்ததாக இருப்பதைவிட, பஸ்தரிலிருந்து கூடவே வந்தது எழுந்துகொண்டது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆனால் போகவே போகாது என்பது தவறு. பிரிமாகுயினை முழுசாக முடித்தால் பெரும்பாலோருக்கு அத்தோடு தீர்ந்துவிடும். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம், 7.5 மாத்திரை என்றால் இரண்டு. வெறும் வயிற்றில் போட்டால் எரியத்தான் செய்யும், சாப்பிட்ட பிறகு போட வேண்டும். நீங்களாக மறுபடி ஆரம்பித்துவிட வேண்டாம். ஜி6பிடி என்ற ஒரு நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்கள் பிரிமாகுயினைத் தினமும் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். சாதாரணமானவருக்கே அது தொந்தரவு, வால்வு கெட்டவருக்கு ரத்தம் குறைவது இன்னும் மோசம். அதனால் முதலில் ஜி6பிடி பரிசோதனை. குறைவு என்று வந்தால் வாரம் ஒருமுறை வீதம் எட்டு வாரம் டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கிற வழி இருக்கிறது, வழியே இல்லை என்று ஆகாது.

இதயத்துக்குள் இறங்கிவிடும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். உடம்பில் உள்ள ரத்தம் முழுவதும் நிமிஷத்துக்கு ஒருதடவை இதயம் வழியாகத்தான் சுற்றுகிறது. ரத்தத்தில் கிருமி இருந்தால் அது இப்போதே இதயத்துக்குள் போய் வந்துகொண்டுதான் இருக்கும், நெஞ்சைத் திறப்பதால் அதற்குப் புது வழி ஒன்றும் கிடைப்பதில்லை.

மெஷினும் மலேரியாவும் ஒரே இடத்தில் கை வைக்கின்றன

அப்படியானால் ஆபத்து எது? வால்வை மாற்ற இதயத்தை நிறுத்த வேண்டும். அந்த நேரம் முழுக்க ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, உள்ளே தள்ளுவது ஹார்ட்-லங் மெஷின். குழாய்களை நிரப்பவே முதலில் ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை திரவம் ஊற்றியிருப்போம், அது உள்ளே போனதும் ரத்தம் நீர்த்துவிடும். 12 இருந்த ஹீமோகுளோபின் மெஷின் ஓடத் தொடங்கியதும் 8, 9 என்று இறங்குவது சாதாரணம். மலேரியாவால் ஏற்கெனவே 9-க்கு வந்துவிட்டவர் எங்கே போய் நிற்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குழாயிலும் பம்பிலும் அடிபட்டுச் சிவப்பணுக்கள் கொஞ்சம் உடையும், பிளேட்லெட் குறையும், மிச்சம் இருப்பதும் சரியாக வேலை செய்யாது. போதாததற்கு ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் வேறு கொடுத்திருப்போம். சிறுநீரகமும் நுரையீரலும் கொஞ்சம் அடி வாங்கும். நல்ல உடம்பு இதையெல்லாம் தாங்கி சில நாளில் தேறிவிடும்.

மலேரியா என்ன செய்யும்? சிவப்பணுவை உடைக்கும், பிளேட்லெட்டைக் குறைக்கும், முற்றினால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கும். பட்டியல் அதேதான். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் ரத்தக்கசிவு நிற்காமல் போவது, சிறுநீரகம் நின்று டயாலிசிஸ் வரை போவது, வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் போவது என எல்லாவற்றுக்கும் வாய்ப்பு ஏறும். எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். இதைப் பெரிய அளவில் யாரும் ஆய்ந்து எண்ணிச் சொன்னதில்லை, மருத்துவ இதழ்களில் வந்தவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் குறிப்புகள். சதவீதம் சொல்லி உங்களைப் பயமுறுத்தினாலோ தைரியப்படுத்தினாலோ இரண்டும் பொய்யாகிவிடும்.

ஆபரேஷன் மேஜைக்குக் கீழே ஒரு சிறுநீர்ப் பை தொங்கும். மெஷின் ஓடும்போது அடிக்கடி குனிந்து அதன் குழாயைப் பார்ப்போம். இளமஞ்சளாக ஓடினால் நிம்மதி. ரோஸ் நிறமானால் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று அர்த்தம், மெஷின் அதிக நேரம் ஓடினாலும் அப்படி ஆகும். அந்த நேரத்தில் எங்கள் மனசில் ஓடுகிற காரணங்களின் வரிசையில் 'மலேரியா' இருக்கவே இருக்காது, நீங்கள் சொல்லியிருந்தால் தவிர. சொல்லியிருந்தால் முதல் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

வைவாக்ஸ் என்று மூன்று மாதம் முன்பு சொன்னதை வைத்து இப்போதும் அதுதான் என்று முடிவு கட்டவும் கூடாது. பஸ்தர் பகுதியில் பால்சிபாரம் வகையும் நிறைய உண்டு. அது பிடித்த சிவப்பணுக்கள் மூளை, சிறுநீரகம் இவற்றின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். உயிரை வாங்குகிற மலேரியா பெரும்பாலும் இதுதான். இதற்கு மருந்தும் வேறு, குளோரோகுயின் போதாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

முதலில் இந்தக் காய்ச்சல் மலேரியாதானா?

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த ஒற்றைக் கேப்சூல்தான். நீங்கள் மலேரியாவை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள், நான் இன்னொன்றையும் சேர்த்துக் கவலைப்படுகிறேன். கெட்டுப்போன வால்வு உள்ளவருக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தால், வால்விலேயே பாக்டீரியா குடியேறிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். எண்டோகார்டைட்டிஸ் என்போம். அதற்கும் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், வேர்க்கும், சோர்வாக இருக்கும். மலேரியா என்று நாமே பெயர் வைத்துவிட்டால் அதைத் தவறவிடுவோம். ரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும், அதுவும் ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பு. கடையில் வாங்கிய கேப்சூல் ஆன்டிபயாட்டிக்காக இருந்தால், இரண்டு மூன்று போட்டாலே கல்ச்சரில் ஒன்றும் வளராமல் ஏமாற்றிவிடும். அந்த அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பரிசோதனைகள் பெரிய செலவே இல்லை. மலேரியாவுக்கு ரத்தப் பூச்சு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம், மாத்திரையும் இலவசம். ஒருமுறை இல்லை என்று வந்தால் போதாது, சந்தேகம் இருந்தால் 12 அல்லது 24 மணி நேரம் விட்டு மூன்று தடவையாவது பார்ப்பார்கள். அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுக் கோடு பார்க்கிற பரிசோதனையும் உண்டு, ஆனால் பால்சிபாரத்துக்கு அது கிருமி செத்த பிறகும் சில வாரம் கோடு காட்டிக்கொண்டே இருக்கும். குணமாகிவிட்டதா என்று பார்க்க அதை நம்பக்கூடாது, கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதைத்தான் நம்ப வேண்டும். அப்புறம் ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின், பிளட் கல்ச்சர், வால்வை மறுபடி ஒரு எக்கோ ஸ்கேன்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஆபரேஷன் வரைக்கும் காய்ச்சல் வந்தால் பக்கத்து கிளினிக்கில் 'ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏத்துங்க' என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். சுருங்கிய மைட்ரல் வால்வு பாதி திறந்த மதகு மாதிரி, வருகிற தண்ணீர் மெதுவாகத்தான் அந்தப் பக்கம் போகும். காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடித்தால் அது போவதற்கான நேரமும் குறைந்துவிடும், ரத்தம் நுரையீரலில் தேங்கும். அதன்மேல் ஒரு பாட்டில் டிரிப்ஸும் ஏறினால் ராத்திரிக்குள் மூச்சுத் திணறி எமர்ஜென்சிக்கு ஓட வேண்டியிருக்கும். வால்வுச் சுருக்கம் இருக்கிறது என்று அங்கே போன உடனே சொல்லிவிடுங்கள். மலேரியாவுக்கு மருந்து எழுதுகிறவரிடம் இதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரைகளையும் காட்டுங்கள். குளோரோகுயின், குயினைன் போன்றவை இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தைத் தொடக்கூடியவை, டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவையும் ஏற்றிவிடலாம்.

சொன்னால் தேதி போகும், வேறு என்ன போகும்?

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். மகன் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கிடைத்த தேதி கைநழுவிவிடுமோ என்று பயம். அந்தப் பயத்தில் பாதி நியாயம். சொன்னால் தேதி தள்ளிப்போகும், அதை மறைக்க வேண்டாம். ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் எந்த நல்ல குழுவும் அவசரமில்லாத ஆபரேஷனை அன்றைக்குச் செய்யாது. மருந்து முடிய வேண்டும், பூச்சு திரும்பத் திரும்ப சுத்தமாக வர வேண்டும், பிளேட்லெட் குறைந்தது ஒரு லட்சம் தாண்ட வேண்டும், ஹீமோகுளோபின் ஏற வேண்டும், கிரியாட்டினின் சரியாக இருக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். ஒருவேளை எண்டோகார்டைட்டிஸ் என்று வந்தால் கணக்கே மாறிவிடும், அதற்கு வாரக்கணக்கில் ஊசி, சிலருக்கு ஆபரேஷனை முன்னால் இழுக்கவும் நேரும்.

தள்ளிவைப்பது வேறு, மறுப்பது வேறு. மலேரியா வந்ததற்காக ஆபரேஷனையே மறுக்க ஒரு காரணமும் இல்லை. அப்படி யாராவது சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், எக்கோ, ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகளே சொல்கின்றன. அதை வைத்து இன்னொரு இடத்தில் கருத்துக் கேட்கலாம்.

காப்பீடு பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நடுவில் மலேரியா வந்தது என்று அட்டையை யாரும் பிடுங்குவதில்லை. இந்த ஆபரேஷனுக்கு வாங்கிய அனுமதி காலம் கடந்துபோனால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டிவரலாம், ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று உட்கார்ந்திருப்பவரிடம் தேதி தள்ளிப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அலைச்சல் குறையும். ரேஷன் கார்டு, பழைய அனுமதிக் கடிதம் இரண்டையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கிற நாட்களில் இதயம் கெட்டுப்போகாதா என்று கேட்பீர்கள். நீர் பிரிகிற மாத்திரை, துடிப்பைக் குறைக்கிற மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அது, எதையும் விடாமல் இருந்தால் சில வாரம் தாக்குப்பிடிக்கிறவர்கள்தான் அதிகம். மல்லாந்து படுக்க முடியாமல் ராத்திரி எழுந்து உட்கார்ந்தால், சளியில் ரத்தம் வந்தால், ஒரு பக்கக் கை கால் சட்டென்று பலவீனமானால், வாய் கோணினால் தேதியைப் பார்க்காமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். அப்படி அவசரம் வந்துவிட்டால் மலேரியாவுக்கு நரம்பில் ஆர்ட்டிசுனேட் போன்ற மருந்தை ஏற்றிக்கொண்டே ஆபரேஷன் செய்கிற நிலையும் உண்டு, ஆனால் அதற்கும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் யாராவது பலூன் வைத்து வால்வை விரித்துவிடலாமே என்று சொல்லலாம். சுருக்கம் மட்டும் இருந்தால் நல்ல யோசனைதான், கசிவு கணிசமாக இருக்கிற வால்வில் பலூன் வைத்தால் கசிவு இன்னும் கூடும், உங்கள் கணவருக்கு அது ஒத்துவராது என்றுதான் தெரிகிறது.

சரி, சொல்லவே இல்லை, ஆபரேஷனும் எப்படியோ முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆறாம் நாள் காய்ச்சல் வருகிறது, பிளேட்லெட் இறங்குகிறது. ஐ.சி.யூ.வில் என்ன நினைப்பார்கள்? நெஞ்சில் சளியா, புண்ணில் சீழா, கழுத்தில் போட்ட ஊசிக்குழாயில் கிருமியா, புது வால்வில் கிருமியா, ஹெபாரினால் பிளேட்லெட் விழுகிறதா. ஒவ்வொன்றாகத் தேடி, ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றி, நாலைந்து நாள் போய்விடும். ஆபரேஷனின் அதிர்ச்சிக்குப் பிறகு ஈரலில் தூங்கின வைவாக்ஸ் எழுந்து வந்த நோயாளிகள் உண்டு. கேஸ் ஷீட்டில் 'பஸ்தர், வைவாக்ஸ், மருந்து முடிக்கவில்லை' என்று ஒரு வரி இருந்தால் அன்று காலையிலேயே பூச்சு எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

யாரிடம் சொல்வது என்றால், வார்டில் ரவுண்ட்ஸ் வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சர்ஜனிடமும், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்துத் தகுதி பார்க்கிற டாக்டரிடமும் சொன்னால் போதும். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த வாரமே அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

கொழுந்தனார் ரத்தம்

அவர் மனசு பெரிசு, ஆனால் அவர் ரத்தம் வேண்டாம். மலேரியா வந்தவர் முழுசாகக் குணமாகி மூன்று மாதம் ஆன பிறகுதான் ரத்தம் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி. அவருக்கு மலேரியாவே வந்ததில்லை என்றாலும், அதே இடத்தில் அதே வண்டியில் படுத்து எழுந்தவர். அந்தப் பகுதிகளில் காய்ச்சலே இல்லாமல் ரத்தத்தில் கொஞ்சம் கிருமியோடு நடமாடுகிறவர்கள் உண்டு. ரத்த வங்கியில் மலேரியாவுக்குக் கட்டாயம் சோதிப்பார்கள், இருந்தாலும் மிகக் குறைவாக இருக்கும் கிருமி சோதனையில் தப்பிவிடலாம். குளிர்பெட்டியில் வைத்தால் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், ரத்தப் பையில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். கூடப்பிறந்தவர் ரத்தம்தான் சிறந்தது என்பதும் நம்மூரில் பரவலாக இருக்கிற நம்பிக்கை. ரத்த சொந்தத்தின் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் அபூர்வமாக நோயாளியின் உடம்பையே தாக்கத் தொடங்கும், அதனால் அதைக் கதிரியக்கம் காட்டாமல் ஏற்றக்கூடாது என்று நாங்கள் முடிந்தவரை தவிர்க்கிறோம். வடக்கே போகாத நண்பர்கள் நாலு பேரை அவர் கூட்டி வரட்டும், அதுவே பெரிய உதவி. அவருக்கும் ஒரு பூச்சுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

ஆபரேஷனுக்கு அப்புறம் ரிக்

இதைத்தான் நீங்கள் வால்வு வைப்பதற்கு முன்பே பேச வேண்டும், பிறகு பேசிப் பிரயோசனம் இல்லை. 38 வயதில் பெரும்பாலும் உலோக வால்வைத்தான் பரிந்துரைப்பார்கள். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990-லிருந்து பொருத்தப்படுகிற சித்ரா வால்வு அந்த வகைதான். அது நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஆயுசு முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர் என்ற பரிசோதனையை மாதம் ஒருமுறையாவது பார்த்து, மைட்ரல் உலோக வால்வுக்கு 2.5-லிருந்து 3.5-க்குள் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து அடைக்கும், கூடினால் ரத்தக்கசிவு. பஸ்தர் காட்டுக்குள் வண்டி நிற்கிற இடத்தில் ஐ.என்.ஆர் எங்கே பார்ப்பது?

அதோடு மலேரியா மறுபடி வந்தால் இரட்டைச் சிக்கல். காய்ச்சலில் சாப்பாடு இறங்காமல் ஐ.என்.ஆர் தானே ஏறும், குயினைன், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் இன்னும் ஏற்றும், அதே நேரத்தில் பிளேட்லெட்டும் குறையும். தலையில் ஒரு சின்ன அடி பட்டாலே போதும். ராடு தூக்குகிற, கம்பி அறுந்து அடிக்கிற வேலையில் சின்ன அடி எப்படி இல்லாமல் போகும்? திசு வால்வு வைத்தால் பெரும்பாலும் அந்த மாத்திரையைச் சில மாதத்தில் நிறுத்திவிடலாம், ஆனால் இந்த வயதில் பத்துப் பதினைந்து வருஷத்தில் அது தேய்ந்து இரண்டாவது ஆபரேஷன் வரும். இரண்டில் எது என்று சர்ஜனிடம் உட்கார்ந்து கேட்கும்போது, கணவர் என்ன வேலை செய்கிறார், எங்கே தங்குகிறார் என்பதை விவரமாகச் சொல்லுங்கள். 'கூலி வேலை' என்று மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால் அவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

என் கருத்தைக் கேட்டால், எந்த வால்வு வைத்தாலும் முதல் மூன்று மாதம் பாரம் தூக்கவே கூடாது, அறுத்த மார்பெலும்பு கூட வேண்டும். அதற்குப் பிறகும் வண்டியோடு வடக்கே போகிற வேலையை நான் தலையாட்டிச் சம்மதிக்க மாட்டேன். உங்கள் ஊரில் வண்டி முதலாளிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் பார்க்கவும் கணக்கு எழுதவும் போர் போடுகிற பாயிண்ட் பிடித்துக் கொடுக்கவும் ஆள் வேண்டியிருக்கும். சம்பளம் குறையும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் முதலாளியிடம் இப்போதே பேசி வைத்தால் ஆபரேஷன் முடிந்து வரும்போது ஒரு இடம் இருக்கும். மாட்டேன், போயே தீருவேன் என்று அவர் நின்றால், குறைந்தபட்சம் மருந்து தோய்ந்த கொசுவலை, கையில் பழைய ரிப்போர்ட்டுகள், மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர் பார்க்கிற ஊர் எது என்ற தீர்மானம், இவை இல்லாமல் வண்டி ஏற விடாதீர்கள். காய்ச்சல் என்று எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் 'செயற்கை வால்வு இருக்கிறது, அசிட்ரோம் சாப்பிடுகிறேன், மலேரியா வந்திருக்கிறது' என்று இந்தி தெரிந்த ஒருவரை வைத்து ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.